கெட்டில் குன்றின் சங்கிலியைக் கழற்றக் கோரி அத்தானுக்கு எழுதியது

கிரீக் சாலை,
ஜனவரி 9.

என் மதிப்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அத்தான் கிளாரி ஹெகார்ட்டி அவர்களுக்கு, மைத்துனன் மெர்வின் பாஸ்கோ பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் என் புது முழங்காலும் நலம். அங்கு தாங்களும் தெல்மா அக்காவும் எழுபத்து நான்கு மாடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுபத்து நான்கு என்று எண்ணிக்கை போட்டு எழுதியதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. அன்றைக்குக் கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்று அக்கா போனில் சொன்னாள், அதை வைத்து எழுதினேன்.

மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறானே, இவனுக்கு என்ன கேடு என்று நினைப்பீர்கள். நேரில் வந்தேன் அத்தான். இரண்டு தடவை வந்தேன். முதல் தடவை என் வண்டியைப் பார்த்ததும் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். இரண்டாம் தடவை டிராக்டர் பழுதாகி நின்றிருந்தது, நீங்கள் அந்த இடுப்பு வலியோடு நடந்தே போய்விட்டீர்கள். டிராக்டரில் போனதைத் தாங்கிக்கொண்டேன், நடந்து போனதைத்தான் தாங்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு நாற்பது வருடத்தில் முதல் தடவையாக உங்கள் வீட்டு மேசையில் நான் இல்லை. டின்னில் அடைத்த இறால் சாப்பிட்டேன். இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நான்தான் காரணம். மறுநாள் திங்கட்கிழமை நீங்கள் கெட்டில் குன்றின் மேல் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினீர்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் பூட்டியது என்னை மட்டும் அல்லவே அத்தான். எங்கள் கிளைடர் கிளப்பில் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். இருபத்தாறு வருடமாக உங்கள் குன்றின் உச்சியில் இருந்து இறக்கையை மாட்டிக்கொண்டு ஓடிக் கடல் காற்றில் ஏறியவர்கள் அவர்கள். ஒரு காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. 'குன்னு என்கிட்ட இருக்கிற வரைக்கும் பறந்துக்கோங்க' என்று நீங்கள் சொன்ன ஒரு சொல்தான். அந்தச் சொல்லை என்னால் இழந்துவிட்டார்கள். கேட்டைத் திறங்கள், என்னை மட்டும் வெளியே நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நீங்கள் கடைசிக் காட்சியை மட்டும்தான் பார்த்தீர்கள், அதுவும் நான் குட்டையில் உட்கார்ந்திருந்த காட்சி. ஆகவே ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் இந்த முழங்காலில் தொடங்கியது. போன வருடம் முழங்கால் மாற்றியபோது டாக்டரம்மா, "நடங்க, நீந்துங்க, தோட்ட வேலை பாருங்க, ஆனா ஓடாதீங்க" என்றாள். ஹாங் கிளைடரில் பறப்பது என்றால் சரிவில் ஓடித்தான் ஆகவேண்டும். ஓடாமல் பறப்பவன் விழுகிறவன் மட்டும்தான். நான் ஒன்றும் மகா பறவை இல்லை, உங்களுக்கே தெரியும், பதினெட்டு வருடத்தில் பாதி நாள் காற்றுக்குக் காத்துப் புல்லில் உட்கார்ந்துதான் கழித்திருக்கிறேன். இருந்தாலும் அங்கே மேலே போய்க் கடலையும் உங்கள் பால் கொட்டகைத் தகரத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டவனுக்குத் தோட்ட வேலை ருசிக்கவில்லை. ஆகவே உட்கார்ந்தபடியே பறக்க ஒன்று செய்தேன். அலுமினியக் குழாய், பழைய கிளைடர்த் துணி, மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, பின்னால் ஒரு வால், நடுவில் நான் முப்பத்தொரு வருடம் ஓட்டிய பள்ளிக்கூடப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கை, அடியில் மூன்று சக்கரம். பேருந்துக்கு வைத்திருந்த பெயரையே இதற்கும் வைத்தேன், டோரீன். அக்கா முதலில் பார்த்துவிட்டு, "துணி காயப்போட நல்லா இருக்கும்டா, எவ்வளவுக்குக் குடுப்பே?" என்று கேட்டாள். அதையும் ஆசீர்வாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

செய்வது சுலபம் அத்தான், அதைப் பறக்கவிட ஒரு மேடு கிடைப்பதுதான் பெரும்பாடு. உங்கள் குன்றுக்கு வருவதற்கு முன் மூன்று இடத்தில் முட்டிப் பார்த்தேன், இதை நீங்கள் நம்பவேண்டும். முதலில் கடலோர மேட்டில் இருக்கும் தலைமுனைப் பூங்கா அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் படிவத்தை வைத்துக்கொண்டு, "சக்கரம் இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். "எஞ்சின்?" இல்லை என்றேன். "பாய்மரத் துணின்னு எழுதியிருக்கீங்க. படகு செக்‌ஷனுக்குப் போயிப் பாருங்களேன்" என்றார். போனேன். படகு செக்‌ஷன் அம்மாள் மிதக்குமா என்று கேட்டாள். சோதித்ததில்லை என்றேன். இப்போது கேட்டால் பதில் சொல்வேன். அடுத்து ஊராட்சி மேட்டுக்கு மனுப் போட்டேன். அங்கே ஒரு பையன் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இது ஒரே இடத்துல இருபத்தெட்டு நாளைக்கு மேல நிக்குமா அங்கிள்?" என்றான். பறக்க விடாவிட்டால் நிற்கும் என்றேன். "அப்ப இது கொட்டகை. கொட்டகைக்கு வேற ஃபாரம்" என்று அதையும் கொடுத்தான். அதையும் பூர்த்தி செய்தேன் அத்தான், என் கோழிக்கூண்டுக்கு இப்போது முறையான அனுமதி இருக்கிறது.

மூன்றாவது வடக்கே நான்கு மணி நேரம் போனால் ஒரு பாறை விளிம்பு, வேறு கிளப்காரர்கள் இடம். டோரீனைப் பிரித்துக் கட்டி வண்டி மேல் ஏற்றிக்கொண்டு போனேன். அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி அதை மூன்று தடவை சுற்றி வந்தார். "எதுக்கு ரெண்டு இறக்கை?" என்றார். "ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு இருக்குமேன்னுதான்" என்றேன். அந்தப் பதில்தான் காரியத்தைக் கெடுத்தது. மனிதர் தேநீர் கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, கட்டிய கயிறுகளை எல்லாம் சரிபார்த்துக் கொடுத்து என்னை ஊருக்கு அனுப்பிவைத்தார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் விரட்டியதில்லை.

கடைசியில் நம் கிளப்பிலேயே கேட்டேன். நம் பாதுகாப்பு அதிகாரி ரோண்டாவைத் தெரியுமே, வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குப் பீர் பெட்டியும் பன்றித் தொடையும் கொண்டுவந்து உங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவாளே, அவள்தான். "மெர்வ், கேட்ல கிளாரி வெள்ளைப் பெயின்ட்ல எழுதி வெச்சிருக்காரே, மூணு வரி. படிச்சிருக்கியா?" என்றாள். படிக்காமல் என்ன. கேட்டை இருந்தபடியே விடு. நாய் கூடாது. தன் காலில் ஓடிப் போகிறவன் மட்டும், சக்கரம் கூடாது. மோட்டார் சைக்கிள் பயல்கள் உங்கள் புல்லை உழுது போட்ட வருடம் அந்த மூன்றாவது வரியை எழுதினீர்கள். சக்கரத்தைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். "அப்புறம் எப்படி ஓடும்?" "நாலு பேர் தூக்கிக்கிட்டு ஓடட்டும்." கமிட்டி கூடியது. ஒரு மணி நேரம் விவாதம். செயலாளர் டூகல் இருக்கிறாரே, ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா, "தன் காலில்னுதான் எழுதியிருக்கு, யார் காலில்னு வியாக்கியானம் பண்ணலாம். ரெண்டு காலுக்குப் பதிலா எட்டுக் கால் ஓடுது. நிலத்துக்காரர் கேட்டதைவிட ஆறு கால் கூடுதலாத்தான் குடுக்கிறோம்" என்றார். கமிட்டி அதை ஏற்றுக்கொண்டது. அதாவது டோரீன் பல்லக்கு ஆனது.

ஆனால் ரோண்டா ஒரு நிபந்தனை போட்டாள். "கிளாரிகிட்ட நீயே நேர்ல கேட்டு அவர் வாயால சரின்னு வாங்கிட்டு வா. உங்க அத்தான்தானே?" அங்கேதான் நான் விழுந்தேன் அத்தான், குட்டையில் விழுவதற்கு மூன்று வாரம் முன்பே விழுந்தேன். கிளைடர்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிலத்துக்காரரிடம் புதிதாக எதையும் கேட்கமாட்டோம். கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுத்தது போல் ஆகிவிடும். கையை ஆட்டுவோம், வாயை மூடிக்கொண்டு ஓரமாகப் போவோம். பதினெட்டு வருடப் பழக்கம். கேட்கத்தான் மூன்று தடவை உங்கள் வீட்டுக்கு வந்தேன். முதல் தடவை மழையைப் பற்றிப் பேசினேன். இரண்டாம் தடவை உங்கள் இடுப்பைப் பற்றிப் பேசினேன். மூன்றாம் தடவை பால் கறக்கும் நேரமாகப் பார்த்து வந்து, இயந்திரம் தடதடவென்று ஓடும்போது உங்களுக்குப் பின்னால் நின்று, "அத்தான், ஞாயித்துக்கிழமை குன்னுல புதுசா ஒண்ணு பண்ணலாம்னு இருக்கோம், சரிதானே?" என்று கேட்டேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மாட்டைப் பார்த்துத்தான் ஆட்டினீர்கள் என்பது அப்போதே எனக்குத் தெரியும். ரோண்டாவிடம் போய், சரி என்றுவிட்டார் என்று சொன்னேன். இந்தக் கடிதத்தில் நான் வெட்கப்படும் இடம் இதுதான். குட்டையைப் பற்றி ஊரே சிரிக்கிறது, சிரிக்கட்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டதை நினைத்தால்தான் இன்றைக்கும் காது சூடாகிறது.

அந்த ஞாயிறு வடகிழக்குக் காற்று கடலில் இருந்து நிதானமாக வந்தது. அப்படி ஒரு காற்று வருடத்துக்குப் பத்து நாள் கிடைத்தால் அதிகம். மதியம் இரண்டு மணிக்கு டோரீனைத் தூக்கிக்கொண்டு மேல் கேட்டுக்குப் போனோம். கேட் விரியத் திறந்திருந்தது. மாடுகள் மேல் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. திறந்த கேட்டுக்குள்ளும் டோரீன் நுழையவில்லை, ஆகவே கேட்டையே கீலில் இருந்து கழற்றி வைத்துவிட்டு நுழைந்தோம், பிறகு திரும்ப மாட்டினோம். மாட்டிவிட்டு மற்றவர்கள் இறக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், நான் கடைசியாக நின்றேன். எனக்கோ உள்ளே உறுத்தல். அத்தானிடம் சரியாகக் கேட்காமல் வந்திருக்கிறோம், மற்ற எல்லாவற்றிலும் குறையில்லாமல் நடந்துகொள்ளவேண்டும் என்று ஒரு பதற்றம். அந்தப் பதற்றத்தில் கேட்டை நன்றாக இழுத்து மூடி, கொக்கி போட்டு, கொக்கி விழுந்ததா என்று இரண்டு தடவை ஆட்டியும் பார்த்தேன். திறந்திருந்த கேட்டை. இருந்தபடியே விடு என்று என் மூக்குக்கு நேரே எழுதியிருக்கிறது. நேற்று சேர்ந்த பொடியன்கூடச் செய்யாத தப்பு. மூன்று மணிக்கு மாடுகள் தாமாகவே அந்த வழியாகக் கறவைக்கு இறங்கி வரட்டும் என்றுதான் நீங்கள் காலையிலேயே திறந்து வைத்திருந்தீர்கள்.

மூன்று மணி ஆயிற்று. டோரீனை உச்சியில் நிறுத்தி நான் இருக்கையில் ஏறி உட்கார்ந்து வார் கட்டிக்கொண்டேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், டூகல் இடது பின்பக்கம். காற்று சரியாகட்டும் என்று காத்திருந்தோம். அப்போது பின்னால் ஒரு மூச்சு கேட்டது. திரும்ப முடியவில்லை, கட்டியிருக்கிறேனே. "என்ன டூகல், மூச்சு வாங்குதா?" என்றேன். "நான் இல்ல மெர்வ்" என்றார். மடி கனத்துப்போன எழுபத்து நான்கு மாடு கேட்டில் போய்ப் பார்த்து, மூடியிருப்பதைக் கண்டு, மனுசப் பயல்கள் இருக்கும் இடத்தில்தான் கேட் திறக்கும் என்ற தங்கள் அனுபவத்தை வைத்து எங்களைத் தேடி வந்துவிட்டன. அதில் ஒன்று, நெற்றியில் வெள்ளை உள்ளது, வால் துணியை நக்கத் தொடங்கியது. கடல் உப்பு ஏறிய துணி, அதற்கு ருசியாக இருந்திருக்கும். ரோண்டா தூரத்தில் இருந்து கையை விரித்துக்கொண்டு ஓடிவந்து, "விரட்டாதீங்க! யாரும் விரட்டாதீங்க!" என்று கத்தினாள். டூகலுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் மாட்டை விரட்டினார்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாடு முட்டியது, டூகல் ஓடினார், அவர் ஓடியதும் புறப்படச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து மற்ற மூன்று பேரும் ஓடினார்கள், அவர்கள் ஓடியதும் கேட் திறக்கப்போகிறது என்று நினைத்து மாடுகளும் பின்னால் ஓடிவந்தன. அத்தான், அது பறந்தது. அதை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். நான்கு பேரும் கையை விட்டார்கள், தரை கீழே போயிற்று, மாடுகள் சின்னதாகின, கடல் தெரிந்தது, உங்கள் கொட்டகைத் தகரம் தெரிந்தது. பதினோரு விநாடி. ரோண்டா கைக்கடிகாரத்தில் எடுத்த கணக்கு. பன்னிரண்டாவது விநாடியில் மாடு நக்கிய இடத்தில் வால் துணி கிழிந்தது, நான் உங்கள் குட்டையில் இருந்தேன். மிதக்கவில்லை. படகு செக்‌ஷன் அம்மாளுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதவேண்டும்.

நான் ஒருவன் நனைந்ததோடு போயிருந்தால் கிறிஸ்துமஸுக்குச் சொல்லிச் சிரித்திருப்போம். மாடுகள் வந்த வேகத்தில் கீழ் வேலியைச் சாய்த்துக்கொண்டு கடற்கரைக் கூடார முகாமுக்குள் போய்விட்டன. விடுமுறைக்கு வந்தவர்கள் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்களாம். குளியலறைக்குள் போன ஒன்றை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்றாம், கதவு உள்பக்கம் திறப்பதாம். நீங்கள் குன்றைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். குட்டைக் கரையில் வந்து நின்றீர்கள். நான் பேருந்து இருக்கையில் நெஞ்சளவு நீரில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், திட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். "கேட்டை யாரு மூடினது?" என்று மட்டும் கேட்டீர்கள். "நான்தான் அத்தான்" என்றேன். என்னைப் பார்த்தீர்கள், குன்றைப் பார்த்தீர்கள், ரொம்ப நேரம் குன்றையே பார்த்தீர்கள். "வீட்டுக்குப் போயி ஈரத்தை மாத்து மாப்ளே" என்று சொல்லிவிட்டு மாடு தேடப் போய்விட்டீர்கள். அன்றைக்குக் கறவை இருட்டின பிறகுதான் முடிந்தது என்றும், மூன்று மாட்டுக்கு மடி வீங்கி ஒரு வாரப் பாலைக் கீழே கொட்டினீர்கள் என்றும் அக்கா சொன்னாள். அந்த மூன்று மாட்டின் முகத்திலும் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

கிளப்பில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். இப்போது பறக்கவேண்டும் என்றால் வடக்கே அந்தப் பாறை விளிம்புக்கு நான்கு மணி நேரம் போகிறார்கள். என் வீட்டு வழியாகத்தான் போகவேண்டும், வண்டி மேல் கிளைடரைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் போகிறார்கள், ஒவ்வொருவரும் மரியாதையாக ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். டூகல் போவதையே விட்டுவிட்டார், இந்த வயசில் அவ்வளவு தூரம் முடியாதாம். சனிக்கிழமை காலையில் கடைத்தெரு பெஞ்சில் உட்கார்ந்து மரக்கிளை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு வைத்திருந்த பன்றித் தொடையை ரோண்டா என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "கிளாரி கதவையே திறக்கல. கெட்டுப் போயிடும், நீயே வெச்சுக்கோ" என்றாள். கோபமா என்று கேட்டேன். "உன்மேல என்ன கோவம் மெர்வ். ஆனா கொஞ்ச நாளைக்கு மீட்டிங்குக்கு வராதே" என்றாள். தொடையை இன்னும் வெட்டவில்லை. குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

ஆகவே அத்தான், என் வேண்டுகோள் இவ்வளவுதான். நான் கிளப்பை விட்டு விலகிவிட்டேன், கடிதம் கொடுத்தாயிற்று. டோரீனைப் பிரித்துவிட்டேன். இருக்கை வாசலில் கிடக்கிறது, துணி தக்காளிப் பந்தலுக்குப் போயிற்று. கீழ் வேலியை நான் வந்து கட்டித் தருகிறேன். மூன்று மாட்டுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன். உங்களிடம் நேராக முகம் பார்த்துக் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இந்த ஆறு வாரமாக யோசிக்கிறேன். 'போடா கிறுக்கா' என்று சொல்லியிருப்பீர்கள், அப்புறம் நீங்களே ஒரு பக்கம் தூக்க வந்திருப்பீர்கள். தப்பு செய்தவன் ஒருவன், குன்றை இழந்தவர்கள் இருபத்து மூன்று பேர். சங்கிலியைக் கழற்றிவிடுங்கள் அத்தான்.

தெல்மா அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இடுப்புக்கு ஆறுதல். கறவைக்கும் கன்றுக்கும் கடவுள் துணை. மழை உங்கள் புல்லில் பெய்யட்டும், கூடார முகாமில் பெய்யாதிருக்கட்டும்.

என்றும் உங்கள் கீழ்ப்படிந்த, இனிமேலாவது கீழ்ப்படியப்போகும்,
மெர்வின் பாஸ்கோ

பின்குறிப்பு: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். கடிதத்தைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். பாதியில் விசும்பல் கேட்டது, என் எழுத்தின் சக்தி என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சொன்னாள். நீங்கள் சத்தியம் வாங்கியிருந்தீர்களாம், அவளைக் கோபிக்காதீர்கள். "நீ என்னத்துக்குடா மன்னிப்புக் கேக்கிறே, மெர்வ்? குன்னைச் செப்டம்பர்லயே வித்தாச்சு. சிட்னிக்காரர் யாரோ. இந்த மாசம் முப்பத்தொண்ணாம் தேதி சாவியைக் குடுக்கணும். உன் அத்தானுக்கு இடுப்பு முடியல, எங்களுக்கப்புறம் பால் கறக்க யாரு இருக்கா? யாரையும் உள்ளே விடக்கூடாதுன்னு அந்த ஆளு எழுத்துலயே வாங்கிக்கிட்டான். இருபத்தாறு வருஷமா வாக்குக் குடுத்த மனுஷன், உங்க ஆளுங்க முன்னாடி போயி எப்படிச் சொல்லுவாரு? ரெண்டு மாசமா வாயைத் திறக்க முடியாம அலைஞ்சாரு. நீ குட்டையில விழுந்தே. சங்கிலி போட ஒரு காரணம் கெடைச்சுது. அன்னிக்குப் பால் கறக்கும்போது அழுதாருடா. மாடு உதைச்சுட்டுதான்னு கேட்டேன், ஆமான்னாரு" என்றாள்.

மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப்போடலாம் என்று எடுத்தேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. இனி அதில் உண்மை என்று மிச்சம் இருப்பது டோரீனைப் பிரித்ததுதான், அதிலும் வாலை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறேன். ஆறு வாரமாக, என்னால்தான் குன்று போயிற்று என்று சாப்பிடாமல் கிடந்தேன். இப்போது பார்த்தால் அதுவே நன்றாக இருந்திருக்கிறது அத்தான். என்னால் போயிற்று என்றால் மன்னிப்புக் கேட்டால் திரும்பக் கிடைக்கும். இப்போது யாரிடம் போய்க் கேட்பது? நீங்கள் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனதும் எனக்குப் பயந்துதான் என்று இப்போதுதான் புரிகிறது. நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டேன், நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனீர்கள், கணக்கு சரியாகப் போயிற்று.

கிளப்பில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. பழி என் மேலேயே இருக்கட்டும். எனக்கு ஏற்கெனவே பழகிவிட்டது, உங்களுக்கு இனிமேல் பழகவேண்டும், இடுப்பு வேறு சரியில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். வருகிற ஞாயிறு வடகிழக்குக் காற்று என்று வானொலியில் சொன்னார்கள். அன்றைக்கு ஒரு நாள் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். மச்சினன் காலில் விழுந்து கெஞ்சினான், அதனால் ஒரே ஒரு நாள் என்று ரோண்டாவிடம் சொல்லுங்கள். அவர்கள் பறக்கட்டும், டூகல் முதலில் போகட்டும். கடைசி நாள் என்று சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நீங்களே கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். நானும் வருவேன். எல்லாரும் பார்க்கும்படி என்னைத் திட்டி வெளியே நிறுத்துங்கள், அத்தான், உள்ளே மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்போதுதான் நம்புவார்கள்.